அடுத்த வெள்ளத்துக்கு முன் எதில் சேர்வது? அமெச்சூர் வானொலி, ஏபிஎம் (பொதுத் தற்காப்புப் படை), தோட்டத்து வோக்கி டோக்கி

2023 மார்ச் முதல் வாரத்தை ஜொகூரின் லாபிஸ், சாஆ, பெக்கோக் வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மழைக்காலம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்த நேரத்தில் சிகாமட் மாவட்டத்தில் ஊர் ஊராகத் தண்ணீர் ஏறியது. அதற்கு முன் 2011 சீனப் பெருநாளை ஒட்டி ஒரு வெள்ளம், அதற்கும் முன் 2006 டிசம்பரில் ஒன்று. ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்து கோயில் மண்டபத்தைக் கழுவிவிட்டு உட்காரும்போது இளைஞர்கள் கேட்பது இதைத்தான்: "அண்ணே, அடுத்த தடவை சோத்துப் பொட்டலம் கட்டுறதோட நிக்காம இன்னும் ஏதாவது செய்யணும். எதுல சேரலாம்?"

சோறு கட்டுவது சின்ன வேலை இல்லை. இருந்தாலும் அவர்கள் கேட்பது புரிகிறது. வெள்ளம் வந்த முதல் இரண்டு நாளில் தோட்டத்து மக்களை அதிகம் வதைப்பது தகவல் இல்லாமை. யார் எங்கே மாட்டியிருக்கிறார்கள், படகு எப்போது வரும், எந்தப் பள்ளிக்கூடத்தில் பிபிஎஸ் (தற்காலிக நிவாரண மையம்) திறந்திருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த வேலையை எடுத்துச் செய்ய விரும்புகிறவர்களுக்கு முன்னால் இன்று சில வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நேரமும் காசும் வேண்டும், வார நாளில் வேலைக்குப் போகிற ஒருவரால் எல்லாவற்றிலும் சேர முடியாது. அதனால்தான் ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் கைப்பேசி ஏன் செத்துப்போகிறது என்று பார்த்துவிடுவோம். கோபுரம் சாய்வது அபூர்வம். துணை மின்நிலையத்தில் தண்ணீர் ஏறினால் உயிர்ச்சேதம் வரக்கூடாது என்று மின்சார நிறுவனமான டிஎன்பி மின்சாரத்தை நிறுத்திவிடும். கோபுரத்தடியில் உள்ள பேட்டரி சில மணி நேரம் இழுத்துப் பிடிக்கும். ஜெனரேட்டர் இருந்தாலும் டீசல் லாரி வந்துசேரச் சாலை வேண்டும். 2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளத்தில் பல ஊர்கள் பேச்சுமூச்சு இல்லாமல் போனது இப்படித்தான். தோட்டத்துக்குள்ளே நிலைமை இன்னும் மோசம். பள்ளத்தில் இருக்கும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வெயில் நாளிலேயே சிக்னல் ஒரு கோடுதான் காட்டும்.

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன், எந்தத் தூரத்தில் பேச்சு அறுந்துபோகிறது என்று பாருங்கள். லயத்துக்கும் தோட்டத்து மண்டபத்துக்கும் நடுவில் ஒன்றிரண்டு கிலோமீட்டர். மண்டபத்துக்கும் சிகாமட்டில் இருக்கும் டிஓ (மாவட்ட அதிகாரி) ஆபீசுக்கும் நடுவில், லாபிஸிலிருந்து கணக்குப் போட்டால், சுமார் 30 கிலோமீட்டர். அங்கிருந்து ஜொகூர் பாருவோ கோலாலம்பூரோ நூறு இருநூறு கிலோமீட்டர். கடைசித் தூரத்தை அரசாங்கம் எப்படியும் சமாளித்துக்கொள்ளும், அதற்கு அவர்களிடம் சொந்த ரேடியோ வலை இருக்கிறது. நாம் கவலைப்பட வேண்டியவை முதல் இரண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாட்ஸ்அப் குழு போதாதா என்று கேட்பார்கள். கோபுரம் உயிரோடு இருக்கும் வரை அதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. படம் போகும், இருக்கும் இடத்தின் வரைபடம் போகும், அப்பாவுக்கும் பினாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகும். இரண்டாவது நாள்தான் சிக்கல். நேற்றே மீட்கப்பட்டவரின் முகவரி இன்றும் சுற்றும், படகு அங்கே போய்த் திரும்பி வரும், உண்மையில் மாட்டிக்கொண்டவரின் செய்தி நூறு செய்திக்குக் கீழே புதைந்து கிடக்கும். அப்புறம் கோபுரமும் போய்விட்டால் அதுவும் இல்லை.

அடுத்தது உரிமம் வேண்டாத வோக்கி டோக்கி. மலேசியாவில் பொதுமக்கள் தேர்வு எழுதாமல் பயன்படுத்த விடப்பட்ட அலைவரிசைகளில் இரண்டு முக்கியம்: 446 மெகாஹெர்ட்ஸில் அரை வாட் வரை, 477 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் வரை. கருவியில் சிரிம் தரச்சான்று முத்திரை இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேட்டைக்காரர்கள், கான்வாய் போகிறவர்கள், தாமான் காவல் சுற்றுகிறவர்கள் எல்லாரும் 477-ஐத்தான் வைத்திருக்கிறார்கள். கடையில் வாங்கி, சார்ஜ் போட்டு, அன்று மாலையே பேசலாம். அம்மாவுக்கும் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இந்தக் கடைசி விஷயத்தை நான் ரொம்பப் பெரிதாக மதிக்கிறேன். தண்ணீர் ஏறும் நேரத்தில் லயத்தில் இருப்பவர் யாரோ அவர்தான் பேச வேண்டும், தேர்வு எழுதியவர் அன்று பட்டணத்தில் மாட்டியிருக்கலாம்.

அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் பத்து கிலோமீட்டர் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அது மலை உச்சியிலிருந்து திறந்த வெளியைப் பார்த்துப் பேசும் கணக்கு. செம்பனைக்குள்ளே, அதுவும் மழையில் நனைந்த ஓலைகளுக்கு நடுவே, இந்த அலைவரிசை சீக்கிரம் களைத்துவிடும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். தண்ணீர்த் தொட்டி நிற்கும் மேட்டிலோ பள்ளிக்கூட மாடியிலோ ஒருவர் நின்று இரண்டு பக்கமும் கேட்டுச் சொன்னால் இன்னும் கொஞ்சம் நீளும். இன்னொரு எச்சரிக்கை: இணையத்தில் மலிவாக விற்கும் சில கருவிகளை எந்த அலைவரிசைக்கும் மாற்றிவிடலாம். போலீஸ், பொம்பா (தீயணைப்புப் படை) பேசும் இடத்தில் போய் அழுத்தினால் சட்டப்படி குற்றம், அதைவிடப் பெரிய பாவம், யாரோ ஒருவரின் மீட்பு அழைப்பின் மேல் நாம் ஏறி மிதிப்பது.

இப்போது அமெச்சூர் வானொலிக்கு வருவோம். ஹாம் ரேடியோ என்றால் எல்லாருக்கும் தெரியும். தொடர்பு ஆணையமான எம்சிஎம்சி நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் எடுத்து, சொந்த அழைப்புக்குறியோடு பேசுவது. தீபகற்பத்தில் அந்தக் குறி 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்குவதை அதிகம் கேட்கலாம். நாட்டின் பழைய அமெச்சூர் சங்கமான மார்ட்ஸ் 1952-இல் தொடங்கியது. பொதுத் தற்காப்புப் படையின் வரலாறும் அதே 1952-இல்தான் தொடங்குகிறது. நம் தாத்தா பாட்டிகளைத் தோட்டத்திலிருந்து கிளப்பி முள்வேலிக்குள் குடிவைத்த அவசரகாலம் அது. அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்தில் ஒரு வால்வு ரேடியோ இருந்தாலே பெரிய விஷயம். இன்று லயத்துப் பிள்ளை ஒருவர் தன் பெயரில் அழைப்புக்குறி வாங்கலாம்.

477 செட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மூன்று விஷயம். ஒன்று, ரிப்பீட்டர். மலைமேல் நின்று ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் உரக்கத் திருப்பிச் சொல்லும் நிலையங்களை அமெச்சூர் சங்கங்களே கட்டிப் பராமரிக்கின்றன. கையில் 5 வாட் கருவி இருந்தாலும் அது ரிப்பீட்டர் காதில் விழுந்தால் மாவட்டம் தாண்டிக் கேட்கும். இரண்டு, சொந்த ஆன்டெனா கட்டிக்கொள்ளலாம், அதிக சக்தியில் பேசலாம். ரிப்பீட்டரே செத்துப்போனாலும் நேருக்கு நேர் பேச வழியிருக்கிறது. 144 மெகாஹெர்ட்ஸில் இரண்டு பக்கமும் ஆன்டெனா 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், கணக்குப்படி சமதரையில் சுமார் 26 கிலோமீட்டர் எட்டும். லாபிஸுக்கும் சிகாமட்டுக்கும் அது மயிரிழையில் போதாது, ஆனால் நடுவில் தெனாங்கில் ஒருவர் உட்கார்ந்து கேட்டதைத் திருப்பிச் சொன்னால் வேலை முடிந்தது. ஒரு கம்பத்தில் 10 மீட்டர் ஆன்டெனா ஏற்றுவது பெரிய காரியம் இல்லை. திருவிழாவுக்குத் தோரணம் கட்டுகிற ஆட்களே ஏற்றிவிடுவார்கள். ஒயர் இணைப்பில் தண்ணீர் இறங்காமல் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுவதைத்தான் பலர் மறப்பார்கள். ஒரு மழைக்குப் பிறகு அந்த ஒயருக்குள் ஈரம் ஊறி, பேசுவது பாதி வழியிலேயே செத்துவிடும்.

மூன்றாவது, சிற்றலை. 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் கம்பியை நடுவில் வெட்டி, இரண்டு செம்பனை மரத்துக்கு நடுவே நாலு மீட்டர் உயரத்தில் கட்டினால் போதும். அலை நேரே மேலே போய், வானத்து மின்மண்டலத்தில் பட்டு, குடை விரித்தாற்போல் சுற்றிலும் இறங்கும். பகல் நேரத்தில் தீபகற்பம் முழுக்க எட்ட முடியும். ரிப்பீட்டரும் வேண்டாம், நடுவில் எந்தக் கோபுரமும் வேண்டாம். நம் வட்டார அமெச்சூர்கள் பேரிடருக்கென்று குறித்துவைத்த அலைவரிசைகளில் ஒன்று 7.110 மெகாஹெர்ட்ஸ். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது போர்ட் பிளேரில் நடந்ததைச் சொல்லலாம். பாரதி பிரசாத் என்ற இந்திய அமெச்சூர், அந்தமானிலிருந்து உலகத்தோடு பேசிப் பார்க்க ஒரு குழுவோடு வந்து தங்கியிருந்தார். தொலைபேசி அறுந்ததும் அந்தக் குழுவின் சிற்றலை நிலையமே தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் செய்தி கொண்டுபோகும் வழி ஆயிற்று. ஆனால் நம் ஊருக்கு இதை முதல் தேவையாக நான் வைக்க மாட்டேன். நமக்கு அறுந்துபோவது அந்த 30 கிலோமீட்டர். சிற்றலைக் கருவி விலை அதிகம், உரிம வகுப்பைப் பொறுத்து எந்த அலையில் பேசலாம் என்பதும் மாறும். முதலில் 144 மெகாஹெர்ட்ஸை ஒழுங்காகக் கட்டுங்கள்.

கருவியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அமெச்சூர் ஒருவர் உண்மையில் கொண்டுவரும் பெரிய பொருளை விட்டுவிடுவோம். அது செய்தியைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் பழக்கம். மண்டபத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறவர் முன்னால் ஒரு தாள். செய்தி எண், நேரம், யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனை பேர், அதில் நடக்க முடியாதவர் எத்தனை, மருந்து, கடைசியாகப் படித்துக்காட்டியதன் குறி. பாட்டி ஒருவர் தமிழில் சொல்கிறார்: சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர், ஊசி மருந்து முந்தாநாள் தீர்ந்தது, கணவருக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ், நேற்றுப் போக முடியவில்லை. இதைத் தமிழில் பொறுமையாகக் கேட்டு, மலாயில் இரண்டே வரியாக்கி, மருந்துப் பெயரை ஆல்பா, பிராவோ என்று எழுத்து எழுத்தாகச் சொல்லி, மறுமுனை திருப்பிப் படிப்பதைக் கேட்டு, சரி என்றபிறகே அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். வெளியிலிருந்து வரும் எந்த மீட்புக் குழுவாலும் இந்த முதல் பாதியைச் செய்ய முடியாது. தோட்டத்துத் தமிழ் தெரிந்த ஒருவரால்தான் முடியும்.

பழக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ரிப்பீட்டர் வழியாகப் பேசும்போது பொத்தானை அழுத்தியதும் ஒரு நொடி காத்திருக்க வேண்டும். ரிப்பீட்டர் விழித்துக்கொள்ள அந்த நேரம் தேவை. அழுத்தின கையோடு பேசினால் முதல் சொல் விழுங்கப்பட்டுவிடும். "தீடாக் பெர்லு போட்", அதாவது படகு வேண்டாம் என்று நீங்கள் சொல்ல, மறுமுனையில் "பெர்லு போட்", படகு வேண்டும் என்று விழும். படகு இங்கே வந்துவிடும், கூரைமேல் இருப்பவர் வேறெங்கோ காத்திருப்பார். வாராவாரம் வானொலியில் கூடி ஒருவர் பின் ஒருவராகப் பேசிப் பழகும் அமெச்சூர்களுக்கு இது அனிச்சையாக வந்துவிடும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் தகவலுக்கும் இதே மரியாதை. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இணையப்பக்கத்தில் ஆற்று மட்டம் நார்மல் (வழக்கம்), வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று நான்கு நிலையில் ஏறுவதைப் பார்க்கலாம். மின்சாரம் உள்ள ஊரில் இருக்கும் அமெச்சூர் அதைப் படித்து மணிக்கொரு தடவை சொன்னால், இருட்டில் இருக்கும் லயத்துக்காரர்கள் இப்போதே கிளம்புவதா, விடியும் வரை பொறுப்பதா என்று முடிவெடுக்கலாம்.

குறைகளும் உண்டு. தேர்வு மலாயிலோ ஆங்கிலத்திலோதான், தமிழில் இல்லை. ஓம் விதி, அலைநீளம், சட்டம் எல்லாம் படிக்க வேண்டும். பள்ளியை விட்டுப் பல வருடம் ஆனவர்களுக்கு முதல் பக்கமே பயமுறுத்தும். விண்ணப்பம், தேர்வு, முடிவு, உரிமம் என்று மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் வெள்ளம் வந்தபிறகு தொடங்க முடியாத வழி இது. முன்பு உலக அளவில் கட்டாயமாக இருந்த மோர்ஸ் தந்திக் குறி 2003 உலக வானொலி மாநாட்டோடு கட்டாயம் இல்லை என்றாகிவிட்டது. பேரிடர் காலத்தில் அமெச்சூர்கள் தயாராக இருக்க நாடுகள் இடம் கொடுக்க வேண்டும் என்ற ஊக்கமும் அதே மாநாட்டில்தான் விதியில் ஏறியது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, தனியாக நிற்கும் அமெச்சூருக்கு அதிகாரம் எதுவும் இல்லை என்பது. மாவட்டப் பேரிடர் குழுவுக்கு டிஓதான் தலைவர். படகை அனுப்புவது அங்கே எடுக்கும் முடிவு. மறுமுனையில் கேட்க ஆள் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல ஆன்டெனாவும் வீண். கூப்பிடாமல் கருவியைத் தூக்கிக்கொண்டு பிபிஎஸ் வாசலில் போய் நின்றால், வேலையில் இருப்பவர்களுக்கு நாமும் ஒரு சுமை.

அங்கேதான் ஏபிஎம் வருகிறது. பொதுத் தற்காப்புப் படை 999 அவசர அழைப்பைக் கையாளும் அமைப்புகளில் ஒன்று. தொண்டராகச் சேரலாம், அடிப்படைப் பயிற்சி கொடுப்பார்கள், படகு, கயிறு, முதலுதவி எல்லாம் கற்கலாம், பணியில் அழைத்தால் படித்தொகை உண்டு. சீருடைக்கு ஒரு பலன் இருக்கிறது: சாலைத் தடுப்பில் நிறுத்த மாட்டார்கள், டிஓ ஆபீசில் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். உடல் பலமும் நேரமும் உள்ள இருபது வயதுக்காரருக்கு இதைவிட நேரடியான வழி கிடையாது. ரேலா என்ற தொண்டர் படையும் இருக்கிறது, ஆனால் அதன் பலம் பாதுகாப்பிலும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதிலும். நாம் பேசிக்கொண்டிருக்கும் வேலைக்கு ஏபிஎம்தான் பக்கம்.

விலை என்னவென்றால், ஏபிஎம்மில் சேர்ந்தபின் உங்களை எங்கே அனுப்புவது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். சொந்தத் தோட்டம் மூழ்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் வேறு ஊர்ப் படகில் இருக்கலாம். அது நியாயமும்கூட. ஆனால் "நம்ம லயத்துக்கு நம்ம ஆள்" என்று நினைத்துச் சேருகிறவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டார்லிங்கையும் ஒதுக்கிவிட முடியாது. 2023 ஜூலையில் மலேசியாவுக்கு வந்தது. கோயில் மண்டபத்தில் ஒரு தட்டு, ஒரு சின்ன ஜெனரேட்டர் இருந்தால் நூறு பேரின் வாட்ஸ்அப் உயிர் பெறும். "நாங்க நல்லா இருக்கோம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்வதில் அமெச்சூர் வானொலி இதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது, ஒருவர் ஒருவராகச் செய்தி எழுதி அனுப்பினால் விடிந்துவிடும். ஆனால் அது 50 முதல் 100 வாட் வரை இடைவிடாமல் குடிக்கும், ஜெனரேட்டரில் எண்ணெய் தீர்ந்தால் அதோடு சரி. அமெச்சூர் கருவி கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்போது ஒரு கார் பேட்டரியில் நாள் முழுக்க ஓடும். மாதக் கட்டணம் யார் கட்டுவது என்ற கேள்வியும் இருக்கிறது. வெள்ளம் இல்லாத மாதங்களில் கோயில் கமிட்டியில் அந்தச் செலவுக்கு யார் கை தூக்குவார்? பள்ளி ஏற்கெனவே அதை வைத்திருந்தால் நல்லது, ஜெனரேட்டரை மட்டும் நாம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, என் முடிவு. ஒரு தோட்டம், ஐந்தாறு பேர் கொண்ட குழு என்றால் இருவர் அமெச்சூர் உரிமம் எடுங்கள், ஒருவர் ஏபிஎம்மில் சேருங்கள், மீதிப்பேர் லயத்துக்கு ஒன்றாக 477 செட்டை வைத்துக்கொள்ளுங்கள். அமெச்சூர் இருவர் ஏன் என்றால், ஒருவர் மண்டபத்தில் உட்கார வேண்டும், மற்றவர் சிகாமட்டிலோ தெனாங்கிலோ மறுமுனையில் இருக்க வேண்டும். ஏபிஎம் ஆள் மூலமாக, மழை வருவதற்கு முன்பே, டிஓ ஆபீசில் இந்த இருவரையும் அறிமுகப்படுத்திவிடுங்கள். இந்தத் தோட்டத்து மண்டபத்திலிருந்து இந்த அழைப்புக்குறியில் செய்தி வரும் என்று அவர்கள் பட்டியலில் ஒரு வரி இருந்தால் போதும்.

நீங்கள் தனி ஆள், ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் வயதையும் வீட்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள். நீந்தத் தெரிந்த, கல்யாணம் ஆகாத இளைஞர் ஏபிஎம்முக்குப் போகட்டும். சின்னப் பிள்ளைகளை விட்டு நகர முடியாத அம்மா, முட்டி வலிக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்தவர், இவர்களுக்கெல்லாம் அமெச்சூர் வானொலியைத்தான் சொல்வேன். உட்கார்ந்த இடத்தில் தெளிவாக எழுதவும் பதறாமல் பேசவும் தெரிந்தவருக்கு ஏற்ற வேலை அது. நம் சமூகத்தில் அப்படிப்பட்ட பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் இந்த வேலைக்குக் கேட்பதே இல்லை என்பது என் ஆதங்கம்.

வரிசையும் முக்கியம். தேர்வுக்கு அதிக நாள் பிடிக்கும், அதனால் அதை முதலில் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் ஆரம்பிக்கும், எனவே ஆண்டுத் தொடக்கத்திலேயே பாடத்திட்டத்தை எம்சிஎம்சி பக்கத்திலிருந்து எடுத்து, தமிழ்ப்பள்ளி வகுப்பறை ஒன்றை சனிக்கிழமை மாலைக்குக் கேட்டு, மூன்று நான்கு பேராகச் சேர்ந்து படியுங்கள். மலாய் பாடத்தைத் தமிழில் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டால் ஓம் விதி ஒன்றும் கடிக்காது. தேர்வுக்குக் காத்திருக்கும் நாட்களில் 477 செட்டை எடுத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்து, எந்த லயத்திலிருந்து மண்டபத்துக்குக் கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று வரைபடத்தில் குறித்துவையுங்கள். மழை பெய்யும் நாளில் ஒரு முறை அதே நடையை நடந்து பாருங்கள், வரைபடம் மாறும். கேட்காத இடங்களில் வயதானவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் இருக்கும் வீட்டு எண்களைத் தனியாக எழுதி மண்டபத்து அலமாரியில் வையுங்கள். ஆறு அமாரான் நிலையைத் தொட்டதும் முதலில் போய்க் கதவைத் தட்ட வேண்டிய வீடுகள் அவை.